இருபது வயதுத் தலைக்கு ஐம்பது வயது உபதேசம்

முடி கொட்டுகிறது என்று மருத்துவரிடம் ஓடும் இளைஞன் மனத்திடம் இல்லாதவன், கண்ணாடிக்கு அடிமை, அப்பா சம்பாதித்த காசை மருந்துக் கம்பெனிக்குக் கொட்டி அழுகிறவன் என்று சென்ற இதழில் மூத்த கட்டுரையாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். வழுக்கை ஒரு நோயே அல்லவாம். நம் தாத்தாக்களுக்கு அது இருந்ததில்லையாம். ஷாம்பூவும் செல்போனும் ராத்திரி விழிப்பும் கொண்டுவந்த கேடாம். மாத்திரை போட்டால் ஆண்மை போகும், அறுவை சிகிச்சை என்று போனால் உயிரே போகும், ஆகவே பொறுத்திரு, முப்பது வயதில் பார்த்துக்கொள்ளலாம், அதற்குள் மனம் பக்குவப்பட்டுவிடும் என்பது அவருடைய முடிவு.

நான் தோல் மருத்துவர். முடியும் நகமும் என் படிப்புக்குள் வருபவை. கட்டுரையாளரின் வயதுக்கும் எழுத்துக்கும் உரிய மரியாதையோடுதான் சொல்கிறேன்: இந்தக் கட்டுரை தவறானது என்பதோடு நிற்கவில்லை, தீங்கானது. இதைப் படித்த அப்பாக்கள் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். மகன் வாயை மூடிக்கொள்கிறான். அவன் வாய்மூடி இருக்கும் இரண்டு மூன்று வருஷத்தில் தலையில் என்ன நடக்கும் என்பது கட்டுரையாளருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள முயன்றதற்கான தடயமும் கட்டுரையில் இல்லை.

அவர் தனக்குத் தானே எதிராகப் பேசுவதை முதலில் பார்ப்போம். முடி அற்ப விஷயம், அதற்காகக் கவலைப்படுவது ஆணுக்கு அழகல்ல என்று தொடங்குகிறார். கொஞ்ச தூரம் போனதும் கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சும் பக்குவம் வருகிறது. சின்ன வெங்காயச் சாறு வருகிறது. வெந்தயம் ஊறவைத்து அரைக்கும் முறை வருகிறது. அற்ப விஷயத்துக்கு ஏன் இத்தனை பக்குவம்? தலையில் முடி நிற்க வேண்டும் என்று எண்ணெய் காய்ச்சுகிறவன் மரபைக் காப்பவன், அதே ஆசையோடு மருத்துவர் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போகிறவன் அடிமையா? இருவரும் வேண்டுவது ஒன்றைத்தான். சோதித்துப் பார்த்த வழியில் போகிறவனை மட்டும் தேர்ந்தெடுத்து அவமானப்படுத்துகிறார்.

அந்த வெங்காயச் சாற்றைப் பற்றி ஒரு வார்த்தை. தலையில் காசு அளவுக்கு வட்டமாக முடி உதிர்வதைப் புழுவெட்டு என்கிறோம். புழு எதுவும் அங்கே இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தாக்குகிறது. சிறிய திட்டாக இருந்தால் பலருக்கு அது தானாகவே முளைத்துவிடும். முளைத்த பெருமை அந்த நேரம் எதைத் தேய்த்தார்களோ அதற்குப் போய்ச் சேரும். நெற்றி ஏறுவதும் உச்சி தெரிவதும் வேறு நோய், வேறு காரணம். புழுவெட்டுக்குச் சொன்ன கை வைத்தியத்தை ஆண் வழுக்கைக்குச் சொல்லும்போதே கட்டுரையாளர் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் என்பது வெளிப்பட்டுவிடுகிறது. சாறு தேய்த்துத் தேய்த்துத் தலைத்தோல் சிவந்து காந்தி, கொப்புளத்தோடு வருகிற பையன்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முடி கொட்டுதல் ஒரே விஷயமல்ல. டைபாய்டு, டெங்கு, சிக்குன்குனியா, கொரோனா என்று கடுமையான காய்ச்சல் வந்து போன இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுக்கக் கொத்துக் கொத்தாக உதிரும். பையன் பயந்து செத்துப்போவான். பெரும்பாலும் சில மாதங்களில் அது தானாகவே சரியாகும். மருந்துகூட வேண்டாம், சொல்லிப் புரியவைத்தால் போதும். தைராய்டு கோளாறில் உதிரும். ரத்தசோகையில் உதிரும். ஒரே மாதத்தில் உடம்பைக் குறைக்கிறேன் என்று சோற்றை நிறுத்தியவனுக்கு உதிரும். தலையில் படர்தாமரை வந்தாலும் உதிரும். அதைக் கவனிக்காமல் விட்டால் சில சமயம் தழும்பாகி அந்த இடத்தில் முடியே வராது. ஜிம்மில் யாரோ போட்டுவிட்ட ஸ்டீராய்டு ஊசியால், பரம்பரையில் வழுக்கை உள்ளவனுக்கு அது இன்னும் சீக்கிரம் வரலாம். இவற்றில் எது என்று பிரித்துச் சொல்வதுதான் மருத்துவரின் முதல் வேலை. மருத்துவரிடமே போகாதே என்று எழுதுகிறவர், மருந்தை மட்டும் தடுக்கவில்லை. என்ன நோய் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பையே தடுக்கிறார்.

தாத்தாக்களுக்கு வழுக்கை இல்லை என்ற வாக்கியத்தை ஒரு மூத்த எழுத்தாளர் எப்படி எழுதினார் என்று எனக்கு விளங்கவே இல்லை. 1878இல் பிறந்த ராஜாஜியின் படத்தை அவர் பார்த்ததில்லையா? 1903இல் பிறந்த காமராஜரின் சிலை இல்லாத ஊர் தமிழ்நாட்டில் எத்தனை? செல்போனும் ஷாம்பூப் பொட்டலமும் கண்ணில் படாத காலத்தில் வளர்ந்த தலைகள் அவை. குடுமி வைத்திருந்தவர்கள் முன்தலையைத் தாங்களாகவே மழித்துக்கொண்டார்கள். நெற்றி ஏறியிருந்தாலும் வெளியே தெரிய வழியில்லை. மற்றவர்கள் தலைப்பாகை கட்டினார்கள், முண்டாசு கட்டினார்கள், துண்டைப் போட்டுக்கொண்டார்கள். மறைந்திருந்ததை இல்லாதது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

காரணம் என்ன என்று மனிதர்கள் தேடத் தொடங்கிச் சில ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்ற குறிப்பு, கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரில் வழங்கும் நூலிலேயே இருக்கிறது. 1942இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஹாமில்டன் அதை ஆராய்ந்தார். பருவம் அடையும் முன்பே விதையை இழந்த ஆண்களுக்கு வழுக்கை வரவில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு மட்டும் முடி கொட்ட ஆரம்பித்தது. ஆக ஹார்மோன் ஒன்று, பரம்பரை ஒன்று. இரண்டும் சேர வேண்டும். அடுத்த திறப்பு 1974இல் வந்தது. கரீபியத் தீவு நாடான டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில், பிறக்கும்போது பெண் குழந்தை போலத் தெரிந்து, பருவ வயதில் ஆணாக வளர்ந்தவர்களைப் பற்றி ஜூலியான் இம்பெராட்டோ மெக்கின்லி என்ற பெண் மருத்துவரும் அவருடைய குழுவினரும் எழுதினார்கள். டெஸ்டோஸ்டிரோனை டி.எச்.டி. என்ற வீரியமான ஹார்மோனாக மாற்றும் நொதி அவர்கள் உடம்பில் குறைவாக இருந்தது. அந்த ஆண்களுக்குத் தசை இருந்தது, கட்டைக் குரல் இருந்தது. வழுக்கை மட்டும் விழவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் மருந்துதான் ஃபினாஸ்டிரைடு. 1992இல் முதியவர்களின் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் மாத்திரையாக வந்து, 1997 கடைசியில் ஆண் வழுக்கைக்கு 1 மில்லிகிராம் அளவில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இவ்வளவையும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உப்புத் தண்ணீரில் குளித்ததால், ஹெல்மெட் போட்டதால், ராத்திரி கண் விழித்ததால் வழுக்கை விழுந்தது என்று சொல்லும்போது பழி அந்தப் பையன் மேல் விழுகிறது. நீ ஒழுங்காக இருந்திருந்தால் முடி இருந்திருக்கும் என்று ஆகிறது. வீட்டில் அம்மா அதைச் சொல்கிறார், முடிவெட்டும் அண்ணன் சொல்கிறார், இப்போது ஒரு பத்திரிகையும் சொல்கிறது. அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை. அம்மா வழியில் வந்த மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்பா வழியில் வருவனவற்றுக்கும் உண்டு. தாய்மாமன் தலையை மட்டும் பார்த்தால் போதும் என்பதும் சரியல்ல, அப்பா தலையையும் பார்க்க வேண்டும். செய்யாத குற்றத்துக்கு அவனைக் கூண்டில் ஏற்றி, அதோடு சிகிச்சை தேடுவதையும் இன்னொரு குற்றமாக்குவது கொடுமை.

இனி அவருடைய முக்கிய அறிவுரைக்கு வருகிறேன். பொறுத்திரு என்கிறார். கேட்க நல்ல வார்த்தை. ஆனால் ஆண் வழுக்கையில் முடி ஒரே நாளில் செத்து விழுவதில்லை. ஒவ்வொரு முடியும் சில வருஷம் வளரும், பிறகு ஓய்வெடுத்து உதிரும், அதே மயிர்க்காலிலிருந்து புதியது முளைக்கும். டி.எச்.டி.க்கு எளிதில் வசப்படும் மயிர்க்காலில் இந்த வளரும் பருவம் ஒவ்வொரு சுற்றிலும் குறுகிக்கொண்டே வரும். முடி மெலியும், நிறம் வெளுக்கும், பூனைமயிராகும். மயிர்க்காலும் சுருங்கும். சுருங்கிக்கொண்டிருக்கும் கட்டத்தில் மருந்து அதைத் தாங்கிப் பிடிக்கும். ஓரளவு மீட்டும் தரும். முற்றிலும் சுருங்கிப்போனதை எந்த மருந்தும் எழுப்பாது. அடர்த்தி கணிசமாகக் குறைந்த பிறகுதான் கண்ணாடியில் நமக்கே தெரியவரும் என்பதால், பையன் கவலையோடு வருகிற நாளே கொஞ்சம் தாமதமான நாள்தான். அதையும் முப்பது வயது வரை தள்ளிப்போடச் சொல்கிறார் கட்டுரையாளர். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

பொறுத்திருந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. அளந்திருக்கிறார்கள். 18 முதல் 41 வயது வரையிலான 1,553 ஆண்களிடம் ஃபினாஸ்டிரைடைச் சோதித்த ஆய்வு 1998இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு மருந்து, இன்னொரு பகுதியினருக்கு அதே மாதிரித் தெரியும் வெற்று மாத்திரை. உச்சந்தலையில் குறிப்பிட்ட ஒரு வட்டத்துக்குள் முடிகளை எண்ணிப் பார்த்தார்கள். இரண்டு வருஷ முடிவில், மேற்கொண்டு முடியை இழக்காமல் நின்றவர்கள் மருந்து எடுத்தவர்களில் 83 சதவீதம். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 28 சதவீதம். அந்த வெற்று மாத்திரைக்காரர்கள்தான் பொறுத்திருந்தவர்கள். கட்டுரையாளரின் அறிவுரையை அறியாமலே கடைப்பிடித்தவர்கள். நூற்றில் எழுபத்திரண்டு பேர் இரண்டே வருஷத்தில் இன்னும் இழந்தார்கள். முப்பது வயதில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதும்போது, எதைப் பார்த்துக்கொள்வது என்று அவர் யோசித்தாரா? அப்போது பார்க்க மிச்சம் இருப்பது எவ்வளவு என்று அவரால் சொல்ல முடியுமா?

மாத்திரை போட்டால் ஆண்மை போகும் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். இந்த ஒரு வரிதான் கட்டுரையிலேயே பொறுப்பற்ற வரி. இதை நான் ஒரே வரியில் மறுக்கப் போவதில்லை, ஏனென்றால் அதில் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது.

ஃபினாஸ்டிரைடின் முதல் வருஷ ஆய்வுகளில் பாலியல் சார்ந்த ஏதோ ஒரு குறை சொன்னவர்கள் மருந்து எடுத்தவர்களில் 3.8 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.1 சதவீதம். ஆசை குறைவது, விறைப்பு குறைவது, விந்து குறைவது என்பவை அந்தக் குறைகள். பெரும்பாலோருக்கு நிறுத்தியதும் சரியானது. சிலருக்கு நிறுத்திய பிறகும் தொடர்ந்ததாகப் புகார்கள் வந்தன. 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்தத் தகவலை மருந்துக் குறிப்பில் சேர்த்தது. 2022இல் தற்கொலை எண்ணம் பற்றிய தகவலும் சேர்ந்தது. 2025இல் ஐரோப்பிய அமைப்பும் அதைப் பக்கவிளைவாக உறுதிசெய்தது. இவற்றில் ஒன்றையும் நான் மறைக்க மாட்டேன். மனச்சோர்வு இருந்தவனா, தூக்கம் எப்படி, குழந்தைக்கு முயல்கிறானா என்று கேட்காமல் இந்த மாத்திரையை எழுதுகிற மருத்துவர் தவறு செய்கிறார். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக் கூடாது, வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் பாதிக்கலாம் என்பதை வீட்டில் சொல்லி வைக்க வேண்டும். மாத்திரை சாப்பிடும் காலத்தில் ரத்த தானம் செய்யக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும்.

இத்தனையும் சொல்வது எச்சரிக்கை. ஆண்மை போகும் என்பது மிரட்டல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மருத்துவமே அளந்திருக்கிறது. 2007இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு ஒன்றில், புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் ஃபினாஸ்டிரைடு எடுத்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் பாலியல் பக்கவிளைவு வரலாம் என்று சொன்னார்கள், மற்றதிடம் சொல்லவில்லை. மருந்து ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். சொல்லப்பட்ட குழுவில் 43.6 சதவீதம் பேருக்கு அந்தப் பக்கவிளைவு வந்தது. சொல்லப்படாத குழுவில் 15.3 சதவீதம் பேருக்கு. இதைக் காட்டி நோயாளியிடம் எதையும் மறைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. மறைப்பது துரோகம். ஆனால் பயம் உடம்பில் வேலை செய்கிறது. எண்ணிக்கையும் சொல்லாமல், மாற்று வழியும் சொல்லாமல், பல்லாயிரம் பேர் படிக்கும் பக்கத்தில் ஆண்மை போகும் என்று எழுதுகிறவர் இளைஞர்களின் படுக்கையறைக்குள் ஒரு நோயைக் கொண்டுபோய் வைக்கிறார். நாளை அந்த மாத்திரை உண்மையிலேயே தேவைப்படுகிற ஒருவன் இந்த வரியை நினைத்துக்கொண்டுதான் முதல் மாத்திரையை விழுங்குவான்.

மாத்திரை வேண்டாம் என்று முடிவெடுப்பவனுக்கு வேறு வழி இருக்கிறது என்பதையும் அவர் சொல்லவில்லை. மினாக்ஸிடில் ஹார்மோனைத் தொடுவதே இல்லை. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரையாகக் கொடுத்தபோது நோயாளிகளின் முகத்திலும் கையிலும் முடி வளர்வதைக் கண்டு, தலையில் தடவும் மருந்தாக மாற்றினார்கள். 1988இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும். முதல் சில வாரங்களில் முடி இன்னும் அதிகமாகக்கூடக் கொட்டும், பழைய முடி விழுந்து புதியது கிளம்பும் நேரம் அது. இதைச் சொல்ல ஆள் இல்லாததால்தான் பாதிப் பையன்கள் மருந்து கெடுத்துவிட்டது என்று நினைத்து மூன்றாவது வாரத்திலேயே பாட்டிலைத் தூக்கி எறிகிறார்கள். மருத்துவரைப் பார்க்காமல் இணையத்தில் கேள்வித்தாளை நிரப்பிப் பெட்டி வரவழைத்தவர்களுக்கு நடப்பது இதுதான்.

நிறுத்தினால் திரும்பவும் கொட்டும், ஆகவே இது ஆயுள் முழுக்கச் சுரண்டல் என்பது அடுத்த வாதம். நிறுத்தினால் கொட்டும் என்பது உண்மை. கிட்டப்பார்வைக்காரன் கண்ணாடியைக் கழற்றினால் மறுபடி மங்கத்தான் செய்யும். அதனால் கண்ணாடிக் கடைக்காரனைச் சுரண்டல்காரன் என்று யாரும் எழுதுவதில்லை. பேட்டன்ட் காலம் முடிந்து பல வருஷமான மருந்துகள் இவை. மாத்திரையும் தடவும் மருந்தும் சேர்ந்து மாதம் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். ஆயிரம் ரூபாய் சிறிய தொகை இல்லைதான், முதல் சம்பளம் வாங்குகிறவனுக்கு யோசிக்க வேண்டிய தொகை. அந்த யோசனையை அவன் செய்துகொள்ளட்டும். இருபத்தைந்து வயதில் கல்யாணத்துக்காகத் தொடங்கி, நாற்பதில் இனி போதும் என்று நிறுத்திவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஏமாந்தவர்கள் இல்லை. அவர்களுக்கு வேண்டிய வருஷங்களில் முடி இருந்தது.

இந்தத் துறையில் மோசடி மலிந்து கிடக்கிறது என்று அவர் சொல்வதை மட்டும் முழுமனதோடு ஏற்கிறேன். வழுக்கையைக் குணமாக்கும் என்று மருந்து உரிமை கோரவே கூடாது என்று 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள் சொல்கின்றன. அந்த விதிகளின் 'ஜே' அட்டவணையில் வழுக்கையும் இருக்கிறது. அப்படியிருந்தும் தொலைக்காட்சியில் மொட்டைத் தலையில் நாற்பத்தைந்து நாளில் காடு முளைக்கிறது. ஆனால் இந்த மோசடியை வளர்ப்பது யார்? மருத்துவரிடம் போவது கேவலம், மருந்து ஆண்மையைக் கெடுக்கும், எண்ணெய்தான் நம் மரபு என்று நம்பவைக்கப்பட்ட பையன் வேறு எங்கே போவான்? தைலக்காரனிடம்தான் போவான். கட்டுரையாளர் சாத்திய கதவு மருத்துவமனையின் கதவு. திறந்து விட்டது தைலக்காரனின் கதவு.

2016ஆம் ஆண்டு சென்னை மரணத்தையும் அவர் இழுத்திருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. முடி மாற்று அறுவை செய்துகொண்ட மருத்துவக் கல்லூரி இறுதியாண்டு மாணவர் ஒருவர் இறந்துபோனார். அந்த இடம் அழகு நிலையத்துக்கான உரிமத்தோடு நடந்தது என்று அப்போதே செய்திகள் வந்தன. பிறகு அதற்குச் சீல் வைத்தார்கள். அந்தப் பையனைக் கொன்றது முடி மேல் கொண்ட ஆசை என்று கட்டுரையாளர் எழுதுகிறார். மகனைப் பறிகொடுத்த பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள் என்ற நினைவு இருந்தால் ஒருவர் இப்படி எழுதுவாரா? பிரசவத்தில் ஒரு பெண் இறந்தால் பிள்ளை ஆசை கொன்றது என்று எழுதுவோமா? அறுவை சிகிச்சைக்கான கட்டமைப்பு இல்லாத இடத்தில் மயக்க மருந்தும் கத்தியும் புழங்க விட்டதுதான் அங்கே கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கேள்வியை அதிகாரிகளை நோக்கிக் கேட்காமல் செத்தவனை நோக்கிக் கேட்டிருக்கிறார்.

தேசிய மருத்துவ ஆணையம் 2022இல்தான் முடி மாற்று அறுவையைத் தகுதியும் முறையான பயிற்சியும் பெற்ற மருத்துவரே செய்ய வேண்டும், வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு செய்யக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அதற்குப் பிறகும் கான்பூரில் முடி மாற்று செய்துகொண்டவர்களின் உயிர்கள் 2024இலும் 2025இலும் போயின. இதற்கெல்லாம் எதிராக எழுத வேண்டிய பேனா கட்டுரையாளருடையது. இருபத்தொரு வயதுப் பையனுக்கு அவசரப்பட்டு முடி நடும் கூடங்களை நானும் எதிர்க்கிறேன். பின்தலை முடி ஒரு வரம்புக்குள் உள்ள இருப்பு; எடுத்தால் அங்கே மறுபடி முளைக்காது. வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று தெரியாத வயதில் நெற்றியில் வரிசையாக நட்டுவிட்டு மருந்தும் தராமல் அனுப்பினால், நட்டது நிற்கும், அதன் பின்னால் இருப்பது கொட்டும், நடுவில் தீவு மாதிரி ஒரு வரிசை மிஞ்சும். அதைச் சரிசெய்யப் பின்தலையில் இருப்பு இருக்காது. நல்ல அறுவை மருத்துவர்கள் சின்ன வயதுக்காரர்களை முதலில் மருந்தில் வைத்துப் பார்க்கிறார்கள். சீக்கிரம் மருந்தைத் தொடங்கியவனுக்குக் கத்தியே தேவைப்படாமல் போகலாம். பொறுத்திரு என்று கேட்டுப் பொறுத்திருந்தவன்தான் இருபத்தெட்டில், பெண் பார்க்கத் தொடங்கியதும், ஒரே நாளில் எல்லாம் முடித்துத் தருகிறேன் என்கிற கூடத்தின் வாசலில் போய் நிற்கிறான்.

ரஜினிகாந்தைப் பார், வழுக்கைத் தலையோடு மேடை ஏறுகிறார் என்பதும் கட்டுரையில் வருகிறது. அந்தத் துணிவை நானும் மதிக்கிறேன். ஆனால் திரையில் அவருக்கு விக் வைக்கிறார்கள், ரசிகர்கள் அதைத்தான் பார்க்க வருகிறார்கள். உலகமே கொண்டாடும் மனிதருக்கு வாய்த்த நிம்மதியைக் கல்லூரி விடுதியில் சொட்டை என்று கூப்பிடப்படும் பையனிடம் எதிர்பார்ப்பது நியாயமல்ல.

அந்தக் கூப்பிடுதலைப் பற்றி அவர் ஒரு வரி எழுதியிருந்தால்கூட நான் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன். தமிழ் சினிமா நகைச்சுவை எத்தனை வருஷம் வழுக்கைத் தலையில் தட்டித் தட்டிச் சிரிக்க வைத்தது? கல்யாணத் தரகர் மாப்பிள்ளைக்கு முடி கம்மி என்பதைச் சம்பளம் கம்மி என்பதற்குச் சமமாகச் சொல்கிறார். பெண் வீட்டார் பழைய போட்டோவா, புதிய போட்டோவா என்று கேட்கிறார்கள். சித்தப்பா குடும்ப விழாவில் எல்லார் முன்னாலும் தலையைத் தடவிப் பார்க்கிறார். இப்படியெல்லாம் செய்கிற சமூகம் தன் வாயை அடக்கிக்கொள்ள வேண்டும் என்று கட்டுரையாளர் கேட்கவில்லை. அடி வாங்குகிறவனிடம் வலிக்கக் கூடாது என்று கேட்கிறார். கேலி செய்கிற சித்தப்பாவும் தத்துவம் பேசுகிற கட்டுரையாளரும் அந்தப் பையனுக்கு ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். ஒருவர் அவன் தலையைப் பார்த்துச் சிரிக்கிறார், மற்றவர் அவன் கவலையைப் பார்த்துச் சிரிக்கிறார்.

சில பையன்கள் தொப்பியைக் கழற்ற மறுத்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். நண்பன் கல்யாணத்துக்குப் போவதை நிறுத்தியவன் வருகிறான். குழுப் படத்தில் பின்வரிசைக்கு நகர்ந்துகொள்கிறவன் வருகிறான். வேலைக்கான நேர்காணலைவிட அந்த அறையின் விளக்கு வெளிச்சத்தை நினைத்துப் பயந்ததாகச் சொன்னவன் வந்தான். இவர்களை மனத்திடம் இல்லாதவர்கள் என்று எழுதக் கட்டுரையாளருக்கு மனம் வந்தது. அப்பாவுக்குத் தெரியாமல், கேலிக்குப் பயந்து, யாரிடமும் சொல்லாமல் தனியாகப் பேருந்து ஏறி மருத்துவமனைக்கு வந்து, ஐயா எனக்கு இது தாங்க முடியவில்லை என்று ஒருவன் சொல்வதற்கு எவ்வளவு திடம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

சிகிச்சை எடுத்தே தீர வேண்டும் என்று நான் யாரையும் கட்டாயப்படுத்தியதில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பக்கவிளைவு எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, எனக்கு வேண்டாம் ஐயா, நேராகக் கடைக்குப் போய் மொட்டை அடித்துக்கொள்கிறேன் என்று எழுந்து போனவனும் உண்டு. அவன் முடிவும் நல்ல முடிவே. தெரிந்து எடுத்த முடிவு அது. தெரியாமல் வைத்திருந்து, காலம் கடக்கவிட்டு, வேறு வழியில்லாத நிலையில் வந்து சேர்வதைப் பக்குவம் என்று அழைக்க என்னால் முடியாது.

தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. புறநோயாளிச் சீட்டுக்கும் பரிசோதனைக்கும் காசில்லை. மருந்தை வெளியே வாங்கச் சொல்லலாம், அவ்வளவுதான். போகும்போது ஒரு வருஷத்துக்கு முந்தைய போட்டோ இருந்தால் எடுத்துப் போங்கள், சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் அட்டையை எடுத்துப் போங்கள், ஜிம்மில் ஊசி போட்டிருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். தலையில் எண்ணெய் வைக்காமல் போங்கள், தோல் தெளிவாகத் தெரியும்.